டிஜிட்டல் வரைபடக் கல்வியும் மாணவர் கற்றலும்

புவியியல் தகவல் அமைப்பு என்பது ஓர் இடத்தைப் பற்றிய தகவல்களை அதன் அமைவிடத்தோடு இணைத்துச் சேமித்து, வரைபடமாகக் காட்டி, ஆராய உதவும் கணினி அமைப்பாகும். ஜி.ஐ.எஸ். என்ற சுருக்கப் பெயரே பரவலாக வழங்குகிறது. 1960களில் கனடா நாட்டின் நில வளங்களைக் கணக்கெடுப்பதற்காக ரோஜர் டாம்லின்சன் முன்னெடுத்த பணியிலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. நகரத் திட்டமிடல், வேளாண்மை, நோய்த் தடுப்பு, பேரிடர் மேலாண்மை எனப் பல துறைகளில் பரவிய இந்தத் தொழில்நுட்பம் 1990களில் பள்ளி வகுப்பறைக்குள்ளும் நுழைந்தது.

அப்போதிருந்தே ஒரு கேள்வி எழுப்பப்பட்டு வருகிறது. ஜி.ஐ.எஸ். கொண்டு கற்பித்தால் மாணவர்கள் உண்மையிலேயே கூடுதலாகக் கற்கிறார்களா, அல்லது கணினித் திரையின் கவர்ச்சியால் வகுப்பு சற்று உற்சாகமாகிறது, அவ்வளவுதானா? ஒரு பாடவேளையைப் புதிதாக ஒன்றுக்கு ஒதுக்க வேண்டுமானால் வேறொன்றிலிருந்து அதைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே பள்ளிகளைப் பொறுத்தவரை இது ஆய்வாளர்களின் வாதம் மட்டும் அல்ல. கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் இதற்குப் பெரும்பாலும் சாதகமாகவே பதில் சொல்கின்றன. ஆனால் அந்தப் பதில் எந்த வகைக் கற்பித்தலுக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

வகுப்பறையில் ஜி.ஐ.எஸ்.

ஜி.ஐ.எஸ்.-இன் அடிப்படை, அடுக்கு என்ற கருத்து. ஒரு மாவட்டத்தின் ஆறுகள் ஓர் அடுக்கு, சாலைகள் இன்னோர் அடுக்கு, பள்ளிகள் மற்றோர் அடுக்கு, நிலத்தின் உயரம் வேறோர் அடுக்கு. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள்போல இவை அமைகின்றன. அச்சிட்ட வரைபடத்தில் ஒரு பள்ளி வெறும் புள்ளிதான். ஜி.ஐ.எஸ்.-இல் அந்தப் புள்ளிக்குப் பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது. பள்ளியின் பெயர், மாணவர் எண்ணிக்கை, கட்டப்பட்ட ஆண்டு என எதை வேண்டுமானாலும் அதில் சேர்க்கலாம்.

வெள்ளம் வந்தால் எந்தப் பள்ளிகளை நிவாரண முகாம்களாகப் பயன்படுத்தலாம் என்று ஒரு வகுப்பு ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிகளை முதலில் நீக்க வேண்டும். மிச்சமிருப்பவற்றில் மேடான இடத்தில் இருப்பவற்றைத் தேர வேண்டும். பிறகு அவற்றில் எவை பெரிய சாலைக்கு அருகில் உள்ளன என்று பார்க்க வேண்டும். காகித வரைபடம், கவராயம், ஒளி ஊடுருவும் தாள் இவற்றைக் கொண்டும் இதைச் செய்யலாம். ஒரு பாடவேளை முழுதும் ஆகிவிடும். கணினியில் சில நிமிடங்கள் போதும்.

நேரம் மிச்சமாவதைவிட முக்கியமானது அடுத்து நடப்பது. ஒரு கிலோமீட்டர் என்பதை இரண்டாக்கினால் என்ன ஆகும் என்று ஒரு மாணவி கேட்டால், காகிதத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கணினியில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். கேள்வியைத் திருத்தித் திருத்திக் கேட்கும் பழக்கம் அங்கேதான் உருவாகிறது.

புவியியலாளர் டேனியல் சூயி 1995-இல் ஒரு வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். ஜி.ஐ.எஸ். பற்றிக் கற்பிப்பது வேறு, ஜி.ஐ.எஸ். கொண்டு கற்பிப்பது வேறு. முதலாவது மென்பொருள் பயிற்சி. எந்தப் பட்டியலில் எந்தக் கட்டளை இருக்கிறது என்பது அதன் பாடம். இரண்டாவதில் மென்பொருள் பின்னணிக்குப் போய்விடுகிறது. வறட்சியோ நகர வளர்ச்சியோ தொற்றுநோயோ பாடமாகிறது. கற்றல் மேம்படுகிறது என்று கூறும் பள்ளிநிலை ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. இதைக் கவனிக்காமல், கணினி அறையில் மென்பொருளை நிறுவியதுமே ஆய்வு முடிவுகளை எடுத்துக்காட்டுவது பொருந்தாது.

சோஹோவின் காலரா: ஒரு பாடம்

வரைபடம் கொண்டு சிந்திப்பது என்றால் என்ன என்பதை விளக்க, உலகெங்கும் ஜி.ஐ.எஸ். வகுப்புகளில் கையாளப்படும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1854 ஆகஸ்ட் மாத இறுதியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. சில வாரங்களில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கெட்ட காற்றே காலராவுக்குக் காரணம் என்று அக்கால மருத்துவர்களில் பலரும் நம்பினர். மருத்துவர் ஜான் ஸ்நோ குடிநீரையே சந்தேகித்தார். இறந்தவர்களின் வீடுகளையும் தெருவோரக் கைப்பம்புகளையும் அவர் ஒரே வரைபடத்தில் குறித்தார். பிராட் தெருப் பம்பைச் சுற்றிச் சாவுகள் குவிந்திருந்தன.

இந்தத் தரவு இன்று டிஜிட்டல் வடிவில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு பம்புக்கும் மிக அருகில் உள்ள பகுதியை எல்லை கட்டி, அதற்குள் நிகழ்ந்த சாவுகளை எண்ணச் சொன்னால், மென்பொருள் உடனே எண்ணிக் கொடுத்துவிடும். இதுவரை செய்தது பொத்தானை அழுத்தும் வேலை. கற்றல் தொடங்குவது விதிவிலக்குகளில்தான். அருகிலேயே போலந்து தெருவில் இருந்த ஏழைகள் இல்லத்தில் 535 பேர் வசித்தனர். இறந்தவர்களோ 5 பேர் மட்டுமே. பிராட் தெருவிலேயே இருந்த மது வடிப்பாலையின் தொழிலாளர்கள் ஏறக்குறையத் தப்பிவிட்டனர். மாறாக, வெகு தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு விதவை இறந்துபோனார்.

காற்றுதான் காரணம் என்றால் அந்த இல்லம் எப்படித் தப்பியது? அங்கே சொந்தக் கிணறு இருந்தது. வடிப்பாலைக்கும் சொந்த நீர் இருந்தது. போதாதற்குத் தொழிலாளர்களுக்கு அன்றாடம் பீர் கிடைத்தது. ஹாம்ஸ்டெட் அம்மையாரோ பிராட் தெருத் தண்ணீரின் சுவையை விரும்பி அதை வண்டியில் வரவழைத்துக் குடித்தவர். வரைபடத்தில் பொருந்தாத ஒவ்வொரு புள்ளியும் ஒரு கேள்வியாகி, ஒவ்வொரு கேள்வியும் தண்ணீரையே சுட்டுகிறது. தொலைவை எப்படி அளப்பது என்பதும் இங்கே ஒரு சிக்கல்தான். தண்ணீர் எடுக்கப் போகிறவர் காகம் பறப்பதுபோல நேர்க்கோட்டில் போவதில்லை, தெரு வழியாக நடக்கிறார். ஸ்நோ தம் வரைபடத்தின் பிந்தைய வடிவத்தில் நடைதூரத்தைக் கொண்டே எல்லைக்கோடு வரைந்தார்.

ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். வரைபடத்தைப் பார்த்து ஸ்நோ உண்மையைக் கண்டுபிடித்தார் என்று பல பாடநூல்கள் எழுதுவது சரியல்ல. காலரா நீரின் வழியே பரவுகிறது என்ற கருத்தை அவர் 1849-லேயே வெளியிட்டுவிட்டார். வரைபடம் அந்தக் கருத்தைச் சோதிக்கவும் மற்றவர்களை நம்ப வைக்கவும் உதவிய கருவி. மாணவர்களுக்கும் அது அப்படியே: முன்னால் ஒரு கருத்து இருந்தால்தான் வரைபடம் பேசும்.

இடஞ்சார் சிந்தனை

மேலே கண்ட சிந்தனை முறைக்கு இடஞ்சார் சிந்தனை என்று பெயர். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2006-இல் இதைப் பற்றி ஒரு விரிவான அறிக்கை வெளியிட்டது. இடம் பற்றிய கருத்துகள், அவற்றைக் காட்டும் கருவிகள், அவற்றைக் கொண்டு காரணம் காணும் முறைகள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இடஞ்சார் சிந்தனை என்று அது வரையறுத்தது. பள்ளிகள் மொழிக்கும் கணக்குக்கும் தரும் கவனத்தை இதற்குத் தருவதில்லை என்றும், அப்போதிருந்த ஜி.ஐ.எஸ். மென்பொருள்கள் தொழில்முறை வல்லுநர்களுக்காக வடிவமைக்கப்பட்டவை, பள்ளிப் பிள்ளைகளுக்காக அல்ல என்றும் அறிக்கை ஒளிவுமறைவின்றிக் கூறியது.

இந்தத் திறன் ஏன் பொருட்படுத்தத்தக்கது என்பதற்கு வலுவான சான்று, ஜி.ஐ.எஸ். பள்ளிக்கு வருவதற்கு வெகு காலம் முன்னரே தொடங்கிய ஓர் ஆய்விலிருந்து வருகிறது. 1960-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 4 லட்சம் பேருக்குப் பல்வேறு திறனறி தேர்வுகள் நடத்தப்பட்டன. அவர்களைப் பத்தாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்து பார்த்த தரவுகளை ஜோனதன் வாய், டேவிட் லூபின்ஸ்கி, கமிலா பென்போ ஆகியோர் 2009-இல் ஆராய்ந்தனர். அறிவியல், பொறியியல், கணிதத் துறைகளில் பட்டம் பெற்றவர்கள் பள்ளி நாள்களிலேயே இடஞ்சார் திறனில் முன்னிலையில் இருந்தனர். கணக்குத் திறனையும் மொழித் திறனையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்தத் தொடர்பு மறையவில்லை.

இதைப் பிறவியிலேயே அமைந்த திறன் என்று விட்டுவிட முடியுமா? முடியாது என்றது 2013-இல் டேவிட் உட்டல் குழுவினர் வெளியிட்ட தொகுப்பாய்வு. இடஞ்சார் பயிற்சி குறித்த 217 ஆய்வுகளை அவர்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தனர். பயிற்சியின் சராசரி விளைவு, திட்ட விலக்கத்தில் 0.47 அளவு. எளிமையாகச் சொன்னால், நூறு பேரில் நடுவில் இருக்கும் ஒருவர், பயிற்சி பெறாத நூறு பேரில் ஏறத்தாழ 68 பேரை முந்தும் நிலைக்கு உயர்கிறார். பயிற்சி முடிந்து சில காலம் கழித்தும் பலன் நின்றது. அந்த 217 ஆய்வுகளும் ஜி.ஐ.எஸ். பற்றியவை அல்ல, காணொளி விளையாட்டுகள், வரைபொறியியல் பாடங்கள் எனப் பலவும் அதில் அடக்கம். ஆகவே இது ஜி.ஐ.எஸ்.-க்கு நேரடிச் சான்று ஆகாது. பயிற்சியால் மாறக்கூடிய திறன் இது என்பதை மட்டும் உறுதிப்படுத்துகிறது.

தொடக்க கால ஆய்வுகள்

பள்ளிகளில் ஜி.ஐ.எஸ். பற்றிய முதல் விரிவான ஆய்வுகளில் ஒன்று ஜோசப் கெர்ஸ்கி செய்தது. அதன் முடிவுகள் 2003-இல் வெளியாயின. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 2 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அப்போது ஜி.ஐ.எஸ். பயன்படுத்தின. பயன்படுத்திய வகுப்புகளில் மாணவர்களின் ஆர்வம் கூடியது. பள்ளிகளைத் தடுத்து நிறுத்தியது கணினிப் பற்றாக்குறையைக் காட்டிலும் பயிற்சியின்மையும், பாடம் தயாரிக்க ஆசிரியருக்கு நேரம் இல்லாததும்தான் என்று அவர் கண்டார்.

அதே 2003-இல் தாமஸ் பேக்கரும் ஸ்டீவன் வைட்டும் நடத்திய ஆய்வு, அளவில் சிறியது என்றாலும் அமைப்பில் நேர்த்தியானது. எட்டாம் வகுப்பு மாணவர்கள் இரண்டு வாரம் காற்று மாசு பற்றிக் கற்றனர். ஒரு பிரிவு ஜி.ஐ.எஸ். பயன்படுத்தியது, மற்றொரு பிரிவு காகித வரைபடங்களைப் பயன்படுத்தியது. இரு பிரிவுக்கும் பாடமும் ஒன்றே, கேள்விகளும் ஒன்றே. ஜி.ஐ.எஸ். பிரிவில் தொழில்நுட்பத்தின் மீதான மனப்பாங்கும், அறிவியலில் தம்மால் முடியும் என்ற நம்பிக்கையும் உயர்ந்தன. தரவைப் பகுத்தாராயும் திறனிலும் முன்னேற்றம் இருந்தது, ஆனால் மிதமாகத்தான். வரைபடமே இல்லாத வகுப்போடு ஒப்பிடாமல், காகித வரைபடம் கொண்டு நன்றாக நடந்த வகுப்போடு ஒப்பிட்டதால் இந்த மிதமான முடிவுக்கு மதிப்பு அதிகம்.

கல்லூரி நிலையில் ஜோங்வோன் லீயும் ராபர்ட் பெட்நார்ஸும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. இடஞ்சார் சிந்தனையை அளக்க அவர்களே ஒரு தேர்வை வடிவமைத்து, பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் நடத்தினர். ஜி.ஐ.எஸ். பாடம் படித்தவர்களின் மதிப்பெண் தெளிவாக உயர்ந்திருந்தது. 2013-இல் டோனா கோல்ட்ஸ்டைனும் மார்ஷா அலிபிராண்டியும் புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்தில், நடுநிலைப் பள்ளி மாணவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் மதிப்பெண்களை ஆராய்ந்தனர். ஜி.ஐ.எஸ். பயின்றவர்களின் வாசிப்புத் தேர்வு மதிப்பெண்ணும், அறிவியல், சமூக அறிவியல் பாட முடிவுகளும் மற்றவர்களைவிட மேலாக இருந்தன. வரைபடத்துக்கும் வாசிப்புக்கும் என்ன தொடர்பு என்ற வியப்பு இங்கே எழுவது இயல்பு. அடுத்து வரும் வர்ஜீனியா ஆய்வு அதற்கு ஒரு விளக்கம் தருகிறது.

வர்ஜீனியாவின் ஜி.ஐ.எஸ். பாடத்திட்டம்

2005-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகமும் அம்மாநில உயர்நிலைப் பள்ளிகளும் சேர்ந்து ‘ஜியோஸ்பேஷியல் செமஸ்டர்’ என்ற பாடத்திட்டத்தைத் தொடங்கின. பேராசிரியர் பாப் கோல்வோர்ட் இதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். பள்ளி இறுதி ஆண்டு மாணவர்கள் தம் பள்ளியிலேயே, தம் ஆசிரியரிடமே ஜி.ஐ.எஸ். கற்கிறார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அவ்வப்போது வந்து உதவுகிறார்கள். படிப்பை முடித்தால் பல்கலைக்கழகத் தரப்புள்ளிகளும் பெறலாம்.

முதற்பகுதியில் மென்பொருளைப் பழகியபின், ஒவ்வொரு மாணவரும் ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுத்து, தரவைத் தேடி, ஆராய்ந்து, முடிவை மற்றவர்கள் முன் எடுத்துரைக்க வேண்டும். பெரும்பாலும் அது சொந்த ஊரின் சிக்கலாக இருக்கும். விடை ஆசிரியருக்கே முன்கூட்டித் தெரியாது என்பது இங்கே பெரிய மாற்றம். தரவு முழுமையாகக் கிடைக்காது, கிடைப்பதிலும் பிழை இருக்கும். எதை நம்புவது, எதை விடுவது என்று மாணவரே முடிவெடுக்க வேண்டும்.

இந்த மாணவர்களிடம் ஒரு புதிய சிக்கலைக் கொடுத்து, அதை எப்படி அணுகுவீர்கள் என்று வாய்மொழியாகக் கேட்டு, அவர்கள் பேசுவதை ஆய்வாளர்கள் பகுத்துப் பார்த்தனர். சிக்கலை வரையறுப்பதிலும், என்ன தரவு தேவை என்று சொல்வதிலும், இட உறவுகளைச் சொற்களால் விவரிப்பதிலும் முன்னேற்றம் தெரிந்தது. வினாத்தாளில் சரியான விடையைக் குறிப்பது மட்டுமே கற்றல் அல்ல என்று கருதுவோருக்கு இந்த முறை பிடித்தமானது.

இதன் அடுத்த கட்டமாக ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் ஆடம் கிரீன், மேலே குறிப்பிட்ட உட்டல், கோல்வோர்ட் முதலியோர் அடங்கிய குழு நடத்திய ஆய்வு 2022 ஆகஸ்டில் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வெளியானது. இப்பாடத்தை எடுத்தவர்களையும், அதே பள்ளிகளில் வேறு மேல்நிலைப் பாடங்களை எடுத்த ஒத்த நிலை மாணவர்களையும் ஒப்பிட்டனர். கல்வியாண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் தேர்வுகள் நடந்தன. மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு எஃப்.எம்.ஆர்.ஐ. முறையில் மூளையும் படம் பிடிக்கப்பட்டது.

ஜி.ஐ.எஸ். படித்தவர்களின் இடஞ்சார் திறன் கூடியிருந்தது, அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது, சொற்களால் ஆன தருக்கக் கணக்குகளிலும் அவர்கள் முன்னேறியிருந்ததுதான். ‘ரவி பாபுவைவிட மூத்தவன்; பாபு குமாரைவிட மூத்தவன்; அப்படியானால் குமார் ரவியைவிட இளையவனா?’ என்பது போன்ற கேள்விகள் இந்த வகையில் அடங்கும். இதில் வரைபடமும் இல்லை, இடமும் இல்லை. இடஞ்சார் திறனில் யார் அதிகம் முன்னேறினார்களோ அவர்களே இதிலும் அதிகம் முன்னேறினார்கள்.

இதற்கு உளவியலில் ஒரு விளக்கம் ஏற்கெனவே உண்டு. பிலிப் ஜான்சன்-லேர்ட் 1980களில் விரித்துரைத்த மன மாதிரிக் கோட்பாட்டின்படி, இத்தகைய கேள்வியைக் கேட்கும்போது மனம் சொற்களை மட்டும் புரட்டிக்கொண்டிருப்பதில்லை. மூன்று பேரையும் ஒரு கற்பனை வரிசையில் நிறுத்திப் பார்க்கிறது. ரவி ஒரு முனை, குமார் மறுமுனை, பாபு நடுவில். அதாவது, தருக்கத்தையும் மனம் ஓர் இடமாக்கியே கையாள்கிறது. அப்படியானால் இடத்தைக் கையாளப் பழகியவருக்குத் தருக்கமும் எளிதாவதில் வியப்பில்லை. புளோரிடா மாணவர்களின் வாசிப்பு மதிப்பெண்ணுக்கும் இது ஓரளவு பொருள் தரக்கூடும்.

கல்வி உளவியலில் இதைப் பயிற்சி மாற்றம் என்பார்கள்: ஓரிடத்தில் பெற்ற பயிற்சி வேறோரிடத்தில் கைகொடுப்பது. இது எளிதில் நிகழாது என்பதை 1901-லேயே எட்வர்ட் தார்ன்டைக்கும் ராபர்ட் உட்வொர்த்தும் சோதனைகளால் காட்டினர். லத்தீன் படித்தால் அறிவு கூர்மையாகும் என்ற பழைய நம்பிக்கை அதனால்தான் ஆட்டம் கண்டது. சதுரங்கம், இசை, மூளைப் பயிற்சி விளையாட்டுகள் எனப் பலவற்றுக்கும் இப்படிப்பட்ட உரிமைகோரல்கள் எழுந்து, கடுமையான சோதனையில் பல தளர்ந்துபோயின. அந்தப் பின்னணியில் பார்த்தால் வர்ஜீனியா முடிவு அரிய ஒன்று. ஆய்வகத்தில் சில மணி நேரம் நடந்த பயிற்சியால் அல்லாமல், சாதாரணப் பள்ளியில் சாதாரண ஆசிரியர் நடத்திய பாடத்தால் அது நிகழ்ந்தது.

மூளைப் படங்கள் வேறொன்றையும் காட்டின. தருக்கத் திறனில் யார் முன்னேறுவார் என்பதை, மரபான தேர்வு அளவீடுகளைவிடப் பாடத்தின்போது மூளையில் ஏற்பட்ட மாற்றங்கள் நன்றாக முன்னுணர்த்தின. இதற்காக ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையையும் ஸ்கேன் எடுக்கச் சொல்பவர் யாரும் இல்லை. தேர்வுத்தாள்கள் காணாமல் விடும் கற்றல் ஒன்று உண்டு என்பதே இதில் கல்வியாளர்களுக்கான செய்தி.

சான்றுகளின் எல்லை

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது சில எச்சரிக்கைகள் தேவை. வர்ஜீனியா மாணவர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். அந்தப் பாடத்தைத் தாங்களே விரும்பி எடுத்தவர்கள். ஒத்த நிலை மாணவர்களோடு ஒப்பிட்டதும், தொடக்க நிலையையும் அளந்ததும் இந்தக் குறையைக் குறைக்கின்றன, முற்றிலும் போக்குவதில்லை. விரும்பி எடுப்பவரிடம் ஏற்கெனவே ஒரு நாட்டம் இருக்கலாம், அந்த நாட்டமே வளர்ச்சியை விரைவுபடுத்தியிருக்கலாம்.

ஆசிரியரின் பங்கு இரண்டாவது சிக்கல். புதிய தொழில்நுட்பத்தை முதலில் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஊக்கம் மிகுந்த ஆசிரியர்கள். அவர்கள் கரும்பலகையை வைத்துக்கொண்டு நடத்தினாலும் வகுப்பு நன்றாகத்தான் இருக்கும். புதுமையின் கவர்ச்சி என்பதும் உண்டு. இரண்டு வாரப் பாடத்தில் தெரியும் ஆர்வம் இரண்டாம் ஆண்டிலும் நிற்குமா என்பது வேறு கேள்வி. பேக்கர், வைட் ஆய்வைப் போலக் காகித வரைபடத்தோடு நேருக்கு நேர் ஒப்பிட்டவை குறைவு என்பதால், பலன் கணினியிலிருந்து வந்ததா, நல்ல கேள்வியிலிருந்து வந்ததா என்று பிரித்தறிவது கடினம். கற்பித்தல் நோக்கில் பார்த்தால் இந்த இரண்டையும் பிரிக்கத் தேவையில்லை என்று வாதிடலாம். செலவு செய்யும் நிர்வாகிக்கோ அது கட்டாயம் தேவை.

வயது மற்றொரு வரம்பு. சாரா பேட்டர்ஸ்பி, ரெஜினால்ட் காலெட்ஜ், மெரிடித் மார்ஷ் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விடை காணும் முறையைப் பல்வேறு வயது மாணவர்களிடம் சோதித்தனர். கல்லூரி மாணவர்கள் தாமாகவே கண்டுகொண்ட அந்த உத்தியை நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் பலரால் எட்ட முடியவில்லை. அடுக்கு என்ற கருத்தே பிடிபடாத சிறுவரிடம் முழு மென்பொருளைக் கொடுப்பதைவிட, ஒளி ஊடுருவும் தாள்களில் வரைந்து அடுக்கிப் பார்க்கச் செய்வது பயன் தரும். கணினியே இல்லாத பள்ளியும் இதைத் தொடங்கலாம்.

பள்ளிகளின் நிலை

மென்பொருளின் விலை இன்று பெரிய தடை அல்ல. 2002-இல் தொடங்கப்பட்ட க்யூஜிஐஎஸ் முற்றிலும் இலவசம். 2014-இல் எஸ்ரி நிறுவனம் தன் ஆர்க்ஜிஐஎஸ் ஆன்லைன் சேவையை அமெரிக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் இலவசமாக வழங்க முன்வந்தது. இங்கிலாந்தில் 11 முதல் 14 வயது வரையிலான மாணவர்களின் புவியியல் பாடத்திட்டத்தில் ஜி.ஐ.எஸ். பயன்பாடு கட்டாயப் பகுதியாக இடம்பெற்றுள்ளது. துருக்கியும் 2005-இல் கொண்டுவந்த புவியியல் பாடத்திட்டத்தில் அதைச் சேர்த்தது. இருந்தும் கெர்ஸ்கி கண்ட தடைகள் பழையதாகிவிடவில்லை. ஒரு மணி நேர ஜி.ஐ.எஸ். பாடத்துக்குத் தரவைத் தேடி, பிழை நீக்கி, மாணவர் நிலைக்கு ஏற்றபடி சுருக்கித் தர ஆசிரியருக்குப் பல மணி நேரம் பிடிக்கிறது. அந்த நேரம் அவருடைய பணிப்பட்டியலில் எங்கும் எழுதப்படுவதில்லை.

இந்தியாவில், தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவின் பன்னிரண்டாம் வகுப்புப் புவியியல் செய்முறை நூலில் இடஞ்சார் தகவல் தொழில்நுட்பம் பற்றி ஓர் இயல் உள்ளது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் 2009-இல் தொடங்கிய புவன் வரைபடத் தளத்தில் பள்ளி மாணவர்களுக்கென ஒரு பகுதியும் உண்டு. ஆனால் அடுக்கு, பண்புத் தரவு, சுற்றெல்லை என்பவற்றின் வரையறைகளை அச்சுப் பக்கத்தில் படித்துத் தேர்வில் எழுதுவது, சூயியின் பாகுபாட்டில் முதல் வகைக்குள் அடங்கும். வர்ஜீனியாவில் அளக்கப்பட்டது இரண்டாவது வகை. அங்கே ஒரு மாணவர் ஒரே சிக்கலோடு பல வாரங்கள் செலவிடுகிறார்; வரைபடம் முதன்முறை தவறாகத்தான் வருகிறது; தரவை மாற்றி, அளவை மாற்றி, மறுபடியும் வரைகிறார்.